தோர்ண்டன் ஹீத் மாப்பிள்ளைக்கு முருங்கைப் பொடி

லண்டனுக்குக் கொண்டுபோன பெட்டியில் இரண்டு பொருள்கள்தான் கனத்தன. ஒன்று, என் கவிதைப் புத்தகத்தின் நாற்பது பிரதிகள். இன்னொன்று, இரண்டு கிலோ முருங்கைக்கீரைப் பொடி. புத்தகங்களில் முப்பத்தாறு என்னோடேயே திரும்பி வந்துவிட்டன. பொடியில் ஒரு சிட்டிகைகூடத் திரும்பவில்லை.

பொடி கேட்டவள் ராஜி. திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, எங்களோடு படித்து, பிறகு லண்டன் போய்ச் சேர்ந்தவள். இப்போது அங்கே ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் வேலை. குட்மேய்ஸில் தமிழர்கள் கூடும் மண்டபத்தில் கவிதை வாசிக்க என்னை அழைத்திருக்கிறார்கள் என்றதும், "எங்கட வீட்டிலதான் நிக்கிறாய், வேற கதை இல்லை" என்றாள். தொடர்ந்து, "நிழல்ல காயவிட்டு இடிச்ச முருங்கைப் பொடி கொண்டு வா. வெயில்ல காய்ஞ்சது வேண்டாம், சத்துப் போயிடும். மாப்பிள்ளைக்கு."

எந்த மாப்பிள்ளை என்று நான் கேட்கவில்லை. ராஜிக்குப் பிள்ளைகளே இல்லை என்பது விமானத்தில் சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போதுதான் உறைத்தது. மிச்சமிருந்த ஏழு மணி நேரமும் தூங்கவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடியால் கட்டிய ஓர் அறை. வெளியே சாம்பல் வானம், சாம்பல் வேலி, சாம்பல் பூனை. உள்ளே, ஆள் உயரக் கூண்டில், ஒரு கிளையின்மேல் அது உட்கார்ந்திருந்தது. நான் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன்.

நம் மைனாவைவிடக் கொஞ்சம் நீளமான உடம்பு. மஞ்சள் மார்பு, இலைப்பச்சை முதுகு, வால் தொடங்கும் இடத்தில் குங்குமச் சிவப்பு. தலை மட்டும் கறுப்பு. கண்ணைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக வெற்றுத் தோல். இதற்கெல்லாம் முன்னால், வேறு ஏதோ பெரிய பறவையிடமிருந்து பிடுங்கி ஒட்டியதுபோல ஒரு அலகு. ஓரத்தில் அரத்தின் பற்கள். அந்த அலகைத் தூக்கிக்கொண்டு இந்த உடம்பு எப்படி முன்னால் கவிழாமல் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"இவர்தான் மாப்பிள்ளை" என்றார் ராஜியின் கணவர் குகன் அண்ணை. "தலைப்பா கட்டி, பட்டுச் சால்வை போட்டு நிக்கிறார் பாத்தீங்களோ தங்கச்சி? எனக்குக் கலியாணத்தில இவ்வளவு வடிவான உடுப்பு இல்லை."

"உங்களுக்கு மூக்கு மட்டும்தான் அந்த அளவு" என்றாள் ராஜி.

பச்சை அரசாரி என்று பெயராம். தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் டூக்கன் இனத்தில் சிறியது. ராஜியோடு வேலை செய்த பிரேசில்காரப் பெண் ஊரோடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. "ரெண்டு கிழமைக்கு எண்டு சொல்லித் தந்தவ. இப்ப ரெண்டு வருசம்." கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம்.

மறுநாள் காலை அதன் சாப்பாட்டைப் பார்த்தேன். வேலைக்குப் போகுமுன் ராஜி குளித்து, திருநீறு பூசி, அதற்கென்று வைத்திருக்கும் சின்னத் தட்டை எடுத்தாள். விதை நீக்கிய பேரீச்சம்பழம். இரவே ஊறவைத்த உலர்திராட்சை. அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் என் முருங்கைப் பொடியைப் பிசைந்து கோலிக்குண்டு அளவில் ஐந்து உருண்டை. கடைசியாக இரண்டு சுளை ஒரேஞ்ச்.

"ஒரேஞ்ச் ஏன்?"

"அதோட குடுத்தாத்தான் இரும்பு உடம்பில வடிவாச் சுவறும். சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா சுவறாது. எங்கட ஆக்களுக்கு இது விளங்கிறேல்லை. நாள் முழுக்க எத்தினை தமிழ்ப் பொம்பிளையளுக்குக் குத்திறன் தெரியுமோ? அரைவாசிப் பேருக்கு இரத்தத்தில இரும்பு இல்லை. எனக்கே இல்லாமத்தானே விழுந்து கிடந்தனான்? இந்த வீட்டில இனி ஒருத்தருக்கும் அந்தக் குறை வரக்கூடாது."

அவள் உருண்டையை நீட்டினாள். அது அலகின் நுனியால், மோதிரம் வாங்குவதுபோல வாங்கியது. தலையைப் பின்னால் எறிந்தது. உருண்டை காற்றில் எழும்பி நேரே தொண்டைக்குள் விழுந்தது. நான் என்னையறியாமல் கைதட்டினேன். அடுத்த உருண்டையை ராஜி என் கையில் கொடுத்தாள். என் விரலில் அந்த அலகு பட்டது. கனமே இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கை தொட்டதுபோல இருந்தது.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. அவர்கள் இருவரும் வேலைக்குப் போனதும் கிளம்பிவிடுவேன். கடைத்தெருவில் கறிவேப்பிலையைக் கண்ணாடித் தாளில் சுற்றி, பூச்செண்டுபோல அடுக்கியிருந்தார்கள். ஊரில் காய் வாங்கினால் சும்மா அள்ளிப் போடும் பொருள். அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன். நாலு நிறுத்தம் போனதும், பஸ் வேறு பாதையில் போகும் என்று ஒரு பெண்குரல் கூரையிலிருந்து அறிவித்தது. எந்தப் பாதை என்று சொல்லவில்லை. ஊரில் என்றால் கண்டக்டரோடு ஒரு சண்டை போட்டு மனம் ஆறலாம். இங்கே கண்டக்டரும் இல்லை. பயணிகள் ஒருவர்கூட முகம் சுளிக்காமல் இறங்கி மழையில் நடந்தார்கள். எனக்கு அதுவும் அதிர்ச்சிதான். கோபமே இல்லாத ஒரு கூட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

சாயங்காலம் கண்ணாடி அறைக்குள் போனால், கிளையில் பறவை இல்லை. ஒரு பந்து இருந்தது. அலகை முதுகின்மேல் திருப்பி வைத்து, வாலைத் தூக்கி அதன்மேல் மூடி, தன்னைத் தானே மடித்து வைத்துவிட்டுத் தூங்குகிறது. அன்று அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். காட்டை இழந்த பறவைக்குக் கடல் கடந்த பெண் ஒருத்தி தன் ஊரின் இலையை உருட்டி ஊட்டுகிறாள் என்று.

மூன்றாம் நாள் குட்மேய்ஸ் மண்டபத்தில் அதைத்தான் கடைசியாக வாசித்தேன். அதற்கு முன் வாசித்த மூன்றுக்கும் இருமல் சத்தம்தான். இதற்குக் கைதட்டல் நிற்கவில்லை, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்த உருண்டை பிடிக்கிற இடம் இருக்கே, நெஞ்சைப் பிடிச்சிட்டுது அக்கா" என்றாள் ஒருத்தி. ராஜி ஓரத்தில் நின்று, வெட்கத்தில் காகிதத் தட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு புத்தகம் போனது அப்போதுதான்.

நாலாம் நாள் காலை அது கூண்டின் தரையில் கிடந்தது.

செத்துவிட்டது என்று நினைத்தேன். ராஜி குனிந்து தூக்கினாள். கண் திறந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அவள் உள்ளங்கையில் அந்த மஞ்சள் வயிறு, ஊதிய பலூன்போலப் புடைத்துத் தெரிந்தது. இத்தனை நாள் அதை நாங்கள் கொழுப்பு என்று பார்த்து மகிழ்ந்திருக்கிறோம்.

குகன் அண்ணைக்குப் பெட்ரோல் பங்கில் காலை ஷிப்ட். கார் அவரிடம். இப்படிப்பட்ட பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் நகரின் மறுபக்கத்தில் இருந்தார். பூனையைக் கொண்டுபோகும் கூடை ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கி, உள்ளே ராஜியின் பழைய நூல்சேலையை விரித்து, மேலே ஒரு துவாலையைப் போர்த்தி, ரயில் ஏறினோம். ஏறிய ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. சிக்னல் கோளாறாம்.

பெட்டி முழுக்க ஆட்கள். ஒரு சத்தம் இல்லை. துவாலைக்குள்ளிருந்து அதன் மூச்சு, கிழிந்த துருத்திபோல வந்துகொண்டிருந்தது. எதிரே பள்ளி உடுப்பில் ஒரு சிறுமி தன் அம்மாவிடம் சொன்னாள்: "அந்தக் கூடை மூச்சு விடுகிறது." அம்மா அவளை அதட்டினாள். தொப்பி வைத்த ஒரு கறுப்பினப் பாட்டி மட்டும் சாய்ந்து கேட்டார், "உள்ளே இருப்பவருக்கு என்ன, கண்ணு?"

"வயிறு வீங்கியிருக்கிறது" என்றாள் ராஜி ஆங்கிலத்தில்.

"என் புருஷனுக்கும் அப்படித்தான் தொடங்கியது" என்றார் பாட்டி. பிறகு, சொன்னது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, ரயில் நகரும்வரை கூடையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார்.

மருத்துவர் முப்பது வயது சொல்லக்கூடிய பெண். சட்டையில் பூனைமயிர். படம் எடுத்தார், ஊசியால் வயிற்று நீரை எடுத்தார், இரத்தம் எடுத்தார். நாளெல்லாம் மனிதர் கையில் ஊசி குத்தும் ராஜி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "இதைப் பாக்க என்னால ஏலாது, தேவி. நீ பார்."

நான் பார்த்தேன். சிறகின் அடியில் நூல் அளவு நரம்பு.

எல்லாம் முடிந்து மருத்துவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இதற்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?"

ராஜி நிமிர்ந்தாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பெண்ணைப்போல முகம். பேரீச்சம்பழத்தில் தொடங்கினாள். உலர்திராட்சை, முட்டை மஞ்சள், முருங்கை. அது என்ன என்று மருத்துவர் கேட்டதும், கீரைகளிலேயே இரும்பு அதிகம் உள்ளது என்று விளக்கினாள். சுவறுவதற்கு ஒரேஞ்ச். இதைச் சொல்லும்போது, தொழில் தெரிந்த இருவர் பேசிக்கொள்ளும் புன்னகை ஒன்றும் வந்தது.

மருத்துவரின் பேனா முருங்கையிலேயே நின்றுவிட்டது.

"உங்கள் தவறு இல்லை" என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் என்ன வரும் என்று எந்த ஊர்க்காரருக்கும் தெரியும். "இந்தப் பறவை உண்ணும் காட்டுப் பழங்களில் இரும்பு மிகக் குறைவு. அதனால் கிடைக்கிற துளியையும் விடாமல் பிடித்து வைக்க அதன் உடம்பு பழகிவிட்டது. வெளியேற்ற அதற்குத் தெரியாது. நீங்கள் இரண்டு வருடமாகக் கொடுத்த இரும்பெல்லாம் கல்லீரலில் இருக்கிறது. அநேகமாக நிச்சயம்."

அறையில் ஏதோ ஒரு குளிர்ப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ராஜி மெதுவாகக் கேட்டாள், "ஒரேஞ்ச்?"

"அது உள்ளே போகும் வழியை இன்னும் அகலமாக்கியிருக்கும்."

ராஜி என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னாள், "நான் வடிவாத்தானேடி பாத்தனான்." அதை மருத்துவருக்குச் சொல்லவில்லை.

அந்த உருண்டைகளில் என் பொடி. என் விரல். எழுபது பேர் முன்னால் நான் அதைப் பாடி, கைதட்டல் வாங்கி, இரண்டாம் முறையும் வாசித்திருக்கிறேன்.

வழி ஒன்றுதான் என்றார். வாரம் ஒருமுறை கொஞ்சம் இரத்தத்தை எடுத்துவிட வேண்டும். புது இரத்தம் ஊற ஊற, கல்லீரலின் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். பப்பாளி, முலாம்பழம், ஆப்பிள், இதற்கென்றே செய்த இரும்பு குறைந்த தீனி. வேறொன்றும் கூடாது. "காட்டில் இது பூச்சி தின்னும், மற்றப் பறவைகளின் குஞ்சையும் தின்னும். அதற்கு ஈடாக எப்போதாவது ஒரு சின்ன எலிக்குஞ்சு..."

"எங்கட வீட்டில வெள்ளியும் செவ்வாயும் மச்சம் இல்லை" என்றாள் ராஜி, தமிழிலேயே. மச்சம் என்றால் அவர்கள் பேச்சில் மீனும் இறைச்சியும். சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். இரண்டு வருடம் தன் கையால் ஊட்டிய மாப்பிள்ளை குஞ்சு தின்னும் குலம் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஓர் இரவு அங்கேயே வைத்திருந்து, ஐந்தாம் நாள் மாலை கொடுத்தார்கள். குகன் அண்ணை காரில் கூட்டிவந்தார். வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை அவருக்கு. "இருபத்தஞ்சு வருசமா எனக்கும் இதே சாப்பாடுதான் தாறாள். என்ரை ஈரலையும் ஒருக்காப் பாக்கச் சொல்லட்டோ?" ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே தணிந்த குரலில் என்னிடம் சொன்னார், "அந்தப் பிரேசில் பொம்பிளை ஒரேஞ்ச் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னவ தங்கச்சி. புளிக்கும் எண்டுதான் சொல்லுறா எண்டு நினைச்சு, ராஜி நல்ல இனிப்பு ஒரேஞ்சாத் தேடித் தேடி வாங்கினவ."

முன் இருக்கையில் ராஜி கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பேரீச்சம்பழப் பெட்டி, திராட்சை, முருங்கைப் பொடி எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கொட்டி வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். தன்னுடைய இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். அதைக் குகன் அண்ணை போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

ஆறாம் நாள். மாலை எனக்கு விமானம். ராஜி வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

மருத்துவர் எச்சரித்திருந்தார்: இந்தப் பறவைக்கு உள்ளே போனது கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும், பட்டினி தாங்காது. மதியம்வரை எதுவும் சாப்பிடாவிட்டால் திரும்பக் கொண்டு வர வேண்டும். குழாய் விட்டுக் கொடுப்பார்கள். ஆனால் பிடித்து அமுக்கி அதைச் செய்யும்போது இந்த நிலையில் உயிர் தங்குமா என்று சொல்ல முடியாது.

காலை ஏழு மணிக்கு ராஜி குளித்து, திருநீறு பூசி, அதே தட்டில் பப்பாளித் துண்டுகளை வைத்துக்கொண்டு கூண்டின் முன் நின்றாள். அது அவளைக் கண்டதும் கிளையில் தத்தி வந்தது. துண்டை நுனியால் வாங்கியது. உருட்டிப் பார்த்தது. தலையை ஆட்டி வீசியது. பப்பாளி கண்ணாடியில் அப்பி மெல்ல வழுக்கியது. பிறகு அவள் கையையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து கத்தத் தொடங்கியது. எண்ணெய் போடாத கீல்போல ஒரு கத்தல். தா, தா என்று எனக்குக் கேட்டது.

"சாப்பிடுங்கோ ராசா. இது நல்லது. இதைத்தான் சாப்பிட வேணும்."

வீசியது. எட்டு மணி, ஒன்பது மணி. முலாம்பழம் வீசியது. ஆப்பிள் வீசியது. புதுத் தீனியைத் தொடவே இல்லை. பத்து மணிக்குக் குகன் அண்ணை வந்து பார்த்து, "ஒரே ஒரு பேரீச்சம்பழம், கால்வாசி... ருசி காட்டி வழிக்குக் கொண்டு வருவமே?" என்றார். ராஜி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் போய்விட்டார். அவள் இரண்டு கைகளையும் விரித்து அந்தப் பறவைக்குக் காட்டினாள். "பாருங்கோ, ஒண்டும் இல்லை. என்னட்டை ஒண்டும் இல்லை." அது கையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தது.

பதினொன்றரை இருக்கும். வாசலில் மணி அடித்தது. பார்சல்காரன். தட்டைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு ராஜி கையெழுத்துப் போடப் போனாள். நான் சமையலறைக் கதவோரம், பாதி மறைவில் நின்றுகொண்டிருந்தேன். கத்தல் நின்றது. அது வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு தட்டுக்கு இறங்கி, ஒரு பப்பாளித் துண்டைக் கவ்வியது.

ராஜியின் காலடி கேட்டதும் துண்டைக் கீழே விட்டுவிட்டு, ஓடி வந்து கம்பியில் நின்று வாயைத் திறந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கத்தில் அவளிடம் நான் மறைத்தது எதுவும் இல்லை. சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ராஜி, நீ நிக்கிற வரைக்கும் அது சாப்பிடாதுடி. உன்னப் பாத்தா நல்லது வரும்னு காத்துக்கிட்டே இருக்கு."

முகத்தில் அடித்தாற்போல அவள் நின்றாள்.

"நான் இல்லாட்டி?"

"இல்லாட்டி சாப்பிடுது. இப்பத்தான் பாத்தேன்."

எதையாவது சொல்லித் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்படியில் ஈரத் துணியை எடுத்து, காய்ந்திருந்த மேடையைத் துடைத்தாள். துணியை மடித்து வைத்தாள். பிறகு பின்கதவைத் திறந்து, செருப்புக்கூடப் போடாமல், மழைக்குள் இறங்கிப் போனாள். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, தோட்டத்து மரக்கொட்டகையின் பக்கச் சுவரை ஒட்டி நின்றாள். அங்கிருந்து சமையலறை ஜன்னல் மட்டும் தெரியும். ஜன்னலில் நான், கண்ணாடி அறைக் கதவை ஒரு கீற்று திறந்து பறவையையும் பார்த்தபடி.

கத்தல் இன்னும் கொஞ்ச நேரம் நடந்தது. பன்னிரண்டு அடித்தது. மழைக்கு அவள் திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. தலையை அசைத்து என்னைக் கேட்டாள். இல்லை என்று கையசைத்தேன். குகன் அண்ணை குடையை எடுத்துக்கொண்டு போனார். அசைவு அதற்குத் தெரிந்துவிடும், வராதே என்று அவரையும் விரட்டினாள்.

பன்னிரண்டரைக்குக் கத்தல் நின்றது. நான் மூச்சை அடக்கினேன். கிளையிலிருந்து தட்டுக்கு ஒரு தாவல். அலகு எழும்பியது. துண்டு காற்றில் எழுந்து தொண்டைக்குள் விழுந்தது.

ஜன்னலில் ஒரு விரலைக் காட்டினேன். ராஜி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது விரல். அது நிதானமாக, யாருக்கும் அவசரமில்லாத விருந்தாளிபோலச் சாப்பிட்டது. மூன்று.

வாசலில் குகன் அண்ணை காரைக் கிளப்பிவிட்டார். நேரமாகிவிட்டது. ராஜி உள்ளே வந்தால் அது நிறுத்திவிடும். நான் தோட்டத்துக்குப் போனால் பின்கதவின் சத்தத்துக்கே நிமிர்ந்து பார்க்கும். பெட்டி வாசலில் இருந்தது.

நாலாவது விரலைக் காட்டிவிட்டு, அதே கையை அசைத்தேன். மழையில் நின்றபடி அவள் கையை வீசி, போ போ என்றாள்.